கிறிஸ்துமஸ் சந்தைக்குச் சவுக்கு நுனி: வெட்டியபின் பசுமை காக்கும் முறை

கடலோரத்து மணற்பூமியில் சவுக்கு பயிரிடும் குடியானவர்களுக்கு அம்மரத்தின் அடிப்பாகமே பிரதான வருமானம் தருவது என்பது யாவரும் அறிந்ததே. பந்தற்காலுக்கும், கட்டடச் சாரத்திற்கும், காகித ஆலைக்கும், அடுப்பிற்கும் அடிமரம் போகின்றது. நுனியும் பக்கக் கிளைகளும் மிலாறு என்ற பெயரால் சொற்ப விலைக்குப் போகின்றன. ஆயினும் வருஷத்தில் ஏறக்குறைய ஒரு வாரம் மாத்திரம் அந்த நுனி, விறகுக் கணக்கை விட்டு நீங்கி, தனிச் சரக்காகி விடுகின்றது. டிசம்பர் மாதம் 25-ஆம் தேதிக்கு முன், கிறிஸ்தவ வீடுகளிலும், ஆலயங்களிலும், பள்ளிகளிலும், கடைகளிலும் அலங்கரித்து நிறுத்துவதற்குச் சவுக்கு நுனிகள் வாங்கப்படுகின்றன. இச்சரக்கை வாடாமல் வைத்து விற்பவனுக்கு லாபம் உண்டு. வாடவிட்டவனுக்குக் கூலியும் வண்டி வாடகையும் நஷ்டமாகும். ஆகையால் இதன் பக்குவத்தை அறிந்துகொள்வது பிரயோஜனமுள்ளதாகும்.

காரைக்கால் நகரை அடுத்த தலத்தெரு முதலிய ஊர்களில் நெல்லே முக்கியமான பயிர். மார்கழி மாதத்தில் சம்பாப் பயிர் வயலில் நிற்கும். அறுவடைப் பணம் தை பிறந்த பின்னரே கைக்கு வரும். கையிருப்புக் குறைந்த அந்தச் சமயத்தில், கடலோரப் பக்கம் சவுக்குத் தோப்பு வைத்திருக்கும் பட்டாதாரருக்கு இந்தச் சிறு வியாபாரம் உதவக்கூடும். சந்தைகளும் தூரத்தில் இல்லை. காரைக்கால் நகரம் அருகிலேயே உள்ளது; வடக்கே தரங்கம்பாடியும், தெற்கே நாகப்பட்டினமும் வேளாங்கண்ணியும் ஒரே இரவில் சரக்கைக் கொண்டு சேர்க்கத்தக்க தொலைவில் இருக்கின்றன.

சவுக்கும் கிறிஸ்துமஸ் மரமும்

பண்டிகைக்குப் பசுமரம் நிறுத்தும் வழக்கம் ஜெர்மனி தேசத்தில் 16-ஆம் நூற்றாண்டு முதற்கொண்டு வளர்ந்தது. இங்கிலாந்தில் 1840-க்குப் பிந்திய ஆண்டுகளில், விக்டோரியா ராணியின் கணவரான ஆல்பர்ட் இளவரசர் காலத்தில், அது வெகுவாகப் பரவிற்று. அத்தேசங்களில் இதற்கு உதவுபவை குளிர்நாட்டு ஊசியிலை மரங்கள். அவை நமது சமவெளியில் வளரா. ஆகவே இக்கரையில் வசிப்பவர்கள், பார்வைக்கு அவற்றை ஒத்த சவுக்கைக் கைக்கொண்டார்கள்.

ஆனால் ஒப்புமை தோற்றத்தில் மாத்திரமே. சவுக்கு ஊசியிலை மர இனத்தைச் சேர்ந்ததன்று. அதில் இலைபோல் தொங்கும் பச்சை நூல்கள் உண்மையில் மெல்லிய தண்டுகளே. கிராமத்துச் சிறுவர்கள் அந்நூலைக் கணுவிற் பிரித்து மீண்டும் பொருத்தி, பிரித்த இடம் எதுவென்று கேட்டு விளையாடுவார்கள். அந்தக் கணுக்களைச் சுற்றிப் பல்போல் நிற்கும் ஏழெட்டுச் சிறு செதில்களே சவுக்கின் இலைகள். இந்த வேற்றுமையை மனத்திற்கொள்ள வேண்டும். ஏனெனில் மேனாட்டு மரங்களுக்குச் சொல்லப்பட்ட முறைகளைச் சவுக்கிற்கு அப்படியே கையாண்டால் அவை முழுப்பயன் தருவதில்லை.

வாடுவதன் காரணம்

நிற்கும் மரத்தில் வேர் உறிஞ்சும் ஜலம் மரத்தினுள் உள்ள நுண்ணிய குழாய்களின் வழியே நுனி வரையில் ஏறி, பசிய பாகங்களின் கண்ணுக்குத் தெரியாத துளைகளால் ஆவியாகப் போகின்றது. மேலே ஆவி போகப் போகக் கீழிருந்து ஜலம் இழுக்கப்படுகின்றது. குழாயிலுள்ள ஜலம் இழுத்துக் கட்டிய கயிறுபோல் விறைப்பாய் நிற்கும். அரிவாள் பட்டவுடனே அக்கயிறு அறுபடுகின்றது. ஜலம் உள்ளே பின்வாங்க, வெட்டுவாயின் வழியே காற்றுப் புகுந்து குழாயை அடைத்துக்கொள்கின்றது. பிற்பாடு அடியை ஜலத்தில் வைத்தாலும், காற்றடைத்த குழாயில் ஜலம் எளிதில் ஏறுவதில்லை.

ஊசியிலை மரங்களின் குழாய்கள் மிகக் குட்டையானவை. ஆகையால் அவற்றில் காற்று அதிக தூரம் புகாது. அடியில் அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை புதிதாய் அறுத்து ஜலத்தில் வைத்தால் போதுமென்று அந்நாட்டார் சொல்வது அதனாலேயே. சவுக்கின் குழாய்கள் அவற்றைவிட நீளமானவை. காற்று இன்னும் உள்ளே போய்விடும். எனவே இங்கு இரண்டு மூன்று அங்குலம் அறுத்துத் தள்ள வேண்டும்.

இரண்டாவது காரணம் வெட்டுவாயின் அழுக்கு. நுனியை மண்ணில் இழுத்துப் போடுவதாலும், அழுக்குப் பாத்திரத்தில் வைப்பதாலும், கண்ணுக்குப் புலப்படாத கிருமிகள் வெட்டுவாயிற் பெருகிக் குழாய்களை மூடிவிடுகின்றன. நாள்பட்ட ஜலம் வழுவழுப்பாகி நாற்றமடிப்பது இதற்கு அடையாளம்.

மூன்றாவது காரணம் காற்றும் வெயிலும். மார்கழி மாதத்து வாடைக்காற்று உடம்பிற்குக் குளிர்ச்சியாய் இருப்பினும், மழையில்லாத நாளில் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. ஈரத்துணி அக்காற்றில் விரைவில் உலர்வதைக் காணலாம். வெட்டிய நுனியும் அவ்விதமே உலரும்.

இவற்றுள் மிகவும் கவனிக்கத்தக்கது யாதெனில், சவுக்கு வாடுவது வெளியில் தெரிவதில்லை. வாழையிலையும் கீரையும் வாடினால் உடனே தொங்கிவிடும். சவுக்கு நூலோ விறைப்பான அமைப்புடையதாகையால், ஈரம் பெரும்பகுதி போன பின்னும் பச்சையாகவே தோற்றும். விற்பவன் சரக்கு நன்றாய் இருக்கின்றதென்று நம்புவான். வாங்குபவனும் நம்பி வீட்டிற்குக் கொண்டுபோவான். இரண்டொரு நாளில் நூல்கள் கணுக் கணுவாய் உதிரத் தொடங்கும். அப்படி ஏமாந்தவர் மறுவருஷம் பிளாஸ்டிக் மரம் ஒன்றை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்வார். பிறகு அவர் சந்தைப் பக்கம் வருவதில்லை.

எந்த மரத்தில் நுனி எடுக்கலாம்

அடிமரத்திற்காக வெட்டப்படும் தோப்பிலிருந்தே நுனியை எடுக்க வேண்டும். வளரும் மரத்தின் நுனியைக் கொய்தால் மரம் கவைவிட்டு வளரும். நேரான கழியாய் விலை போகவேண்டியது கோணலாகி விறகாய்ப் போகும். ஒரு நுனிக்குக் கிடைக்கும் பணத்திற்காக ஒரு கழியின் விலையை இழப்பது விவேகமாகாது. தோப்பு முழுவதும் வெட்டுப் பருவத்திற்கு வராவிடின், நெருக்கமாய் நின்று நலிந்த மரங்களைக் களைந்து, அவற்றுள் உருவம் நல்லவற்றைத் தேர்ந்துகொள்ளலாம். தோப்பை வெட்டும் காலத்தைச் சற்றே மாற்றி மார்கழி முதல் வாரத்தில் வைத்துக்கொள்ளக் கூடியவர்களுக்கு இந்த வியாபாரம் இயல்பாய்ப் பொருந்தும்.

கடற்கரையில் காற்றுத் தடுப்பாக நிறுத்தப்பட்டுள்ள சவுக்கு வரிசைகளை எவரும் தொடலாகாது. 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி, அதாவது கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு மறுநாள், கடல் பொங்கி வந்தபோது காரைக்கால் கடலோர மீனவ கிராமங்களில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். அதன்பின் இக்கரையில் மரவரிசைகளின் அவசியம் எல்லோர்க்கும் விளங்கிற்று. அவ்வரிசைகள் மணலை நிறுத்தி, உப்புக் காற்றின் வேகத்தைத் தணித்து, பின்னாலுள்ள வீடுகளையும் வயல்களையும் காப்பவை. இரவில் யாரோ நாலு நுனியை ஒடிப்பதால் என்ன குறையும் என்று எண்ணுவது தவறு. கரை ஓரத்து முதல் வரிசையில் நுனி போன இடமே காற்று உள்ளே புகும் வாசலாகும். இதைக் கிராம அதிகாரிகள் டிசம்பர் மாதத்தில் விசேஷமாய்க் கண்காணிக்க வேண்டும். சந்தைக்கு வரும் சரக்கு எந்தப் பட்டா நிலத்திலிருந்து வந்ததென்று விசாரிப்பதும் பொருத்தமே.

புயலில் சாய்ந்த மரங்களின் நுனியும் இதற்கு உதவாது. 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அடித்ததுபோல் கார்த்திகையிற் சாய்ந்த மரம், பண்டிகை வருவதற்குள் ஈரம் இழந்துவிடும்.

வெட்டும் நாளும் வேளையும்

மேனாடுகளில் நவம்பர் மாதத்திலேயே மரங்களை வெட்டி, நூற்றுக்கணக்கான மைல் அனுப்பி, வாரக்கணக்கில் வைத்து விற்கின்றார்கள். அங்குள்ள குளிர் அதற்குத் துணை செய்கின்றது. இங்கே அந்தக் குளிர் இல்லை. ஆனால் அங்கே இல்லாத அனுகூலம் ஒன்று இங்கே உண்டு. தோப்பும் சந்தையும் அருகருகே இருக்கின்றன. இந்த அனுகூலத்தைப் பயன்படுத்தாமல், டிசம்பர் முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் வெட்டிக் குவிப்பது பெரும் பிழை.

ஆகையால் ஒரே நாளில் வெட்டாமல் மூன்று தவணையாக வெட்டுதல் நலம். 18-ஆம் தேதி வாக்கில், கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் வேண்டிய சிறு பங்கை வெட்டலாம். 21-ஆம் தேதி பெரும்பங்கையும், 23-ஆம் தேதி கடைசிப் பங்கையும் வெட்டலாம். எந்தச் சரக்கையும் ஐந்தாறு நாளைக்கு மேல் வைத்து விற்கலாமென்று எண்ணி வெட்டலாகாது. முதல் தவணையில் விற்பனை எப்படி இருந்ததென்று பார்த்து அடுத்த தவணையைக் கூட்டவும் குறைக்கவும் இடமிருக்கும் என்பது இதில் மற்றொரு நன்மை.

வேளை விஷயத்தில், சூரியோதயத்திற்கு முன்னும் பின்னும் பனி நீங்காத நேரமே சிறந்தது. இரவெல்லாம் வேர் உறிஞ்சிய ஜலம் அப்போது மரத்தில் நிறைந்திருக்கும். நண்பகலில் வெட்டிய நுனி, வெட்டும்போதே பாதி தாகத்துடன் இருப்பதாகும். மரத்தைச் சாய்த்தவுடன் நுனியை அறுத்துவிட வேண்டும். மற்ற வேலை முடியட்டுமென்று சாய்ந்த மரத்தோடு வெயிலிற் கிடக்கவிட்டால் அதன் ஈரம் அங்கேயே போய்விடும். கூர்மையான வாளினால் குறுக்கே நேராய் அறுத்தல் வேண்டும். மொட்டை அரிவாளாற் கொத்தினால் அடி நசுங்கிக் குழாய்கள் சிதையும்.

தோப்பிலேயே நிழலில் ஒரு தொட்டியோ பீப்பாயோ வைத்து, அறுத்த அரைமணிக்குள் அடிகள் ஜலத்தில் நிற்குமாறு செய்ய வேண்டும். இந்த அரைமணி நேரமே சரக்கின் கதியைத் தீர்மானிக்கின்றது. பிறகு சந்தையில் எவ்வளவு ஜலம் தெளித்தாலும் தொடக்கத்தில் இழந்ததை மீட்பது அரிது.

வண்டியேற்றுதல்

இரவிலோ விடியற்காலையிலோ சரக்கை ஏற்ற வேண்டும். கிளைகளை மேல்நோக்கி மடக்கி, வாழைநாரினாலோ சணற்கயிற்றினாலோ தளர்வாய்க் கட்டலாம். அடிகளை ஈரக் கோணிச் சாக்கினாற் சுற்றி, சரக்கு முழுவதையும் தார்ப்பாயினால் மூடிவிட வேண்டும். ஓடும் லாரியின் மேல் அடிக்கும் காற்று, நிற்கும் இடத்துக் காற்றைக் காட்டிலும் பன்மடங்கு உலர்த்தும். மூடாமல் நாகப்பட்டினம் வரை போன சரக்கு, ஒரு பகல் வெயிலில் நின்ற சரக்கிற்குச் சமானமாகும்.

ஆனால் கட்டிய சரக்கை இறக்கியபின் அப்படியே குவித்து வைக்கலாகாது. நெருக்கமான குவியலின் நடுவில் வெப்பம் பிறந்து, உள்ளிருக்கும் நுனிகள் பழுத்து மஞ்சளாகும். வைக்கோற்போரில் ஈரம் பட்டால் நேர்வதை எல்லாக் குடியானவரும் கண்டிருப்பார்கள்.

விற்பனை இடம்

நிழல், காற்றுத் தடை, நல்ல ஜலம் ஆகிய மூன்றும் உள்ள இடமே தக்க இடம். மரநிழல் இல்லாவிடில், கீற்றுப் பந்தலோ பச்சை நிழல்வலையோ போடலாம். வடபுறத்திலும் கீழ்ப்புறத்திலும் தட்டியோ படுதாவோ கட்டினால் வாடையும் உப்பங்காற்றும் தடைபடும். சிமெண்டுத் தரையும் தார்ச்சாலை ஓரமும் பகலிற் சூடேறி அடியை உலர்த்துவதால், அவற்றின்மேல் நேராய் நிறுத்தாமல், ஈரமணலோ ஈர வைக்கோலோ பரப்பி அதன்மேல் நிறுத்துதல் நலம். பார்வைக்காகச் சாலையோரத்தில் நாலைந்து நுனிகளை மாத்திரம் நிறுத்தி, மற்றவற்றைப் பின்னே நிழலில் வைத்திருந்து, விற்க விற்க எடுத்துக் கொடுப்பது அனுபவசாலிகளுக்குத் தகுந்த முறை. முந்திய தவணைச் சரக்கு முன்னே போகும்படி, தவணைக்கு ஒரு நிறக் கயிறு கட்டி வைத்தால் குழப்பமிராது.

ஜலத்தில் நிறுத்துதல்

சந்தை சேர்ந்தவுடன் ஒவ்வொரு நுனியின் அடியிலும் இரண்டு மூன்று அங்குலம் புதிதாய் அறுத்துத் தள்ள வேண்டும். அகலமான தொட்டியில் அடியை அமிழ்த்தி, ஜலத்திற்குள்ளேயே அறுப்பது இன்னும் உத்தமம். அப்போது குழாய்க்குள் காற்றுக்குப் பதிலாக ஜலமே புகும். அறுத்த பின் வெறும் தரையில் வைக்காமல் உடனே ஜலமுள்ள பாத்திரத்தில் நிறுத்த வேண்டும்.

பாத்திரம் எதுவாயினும், முன்னதாகவே தேய்த்துக் கழுவியிருக்க வேண்டும். பாத்திரத்தின் வாய் சிறிதாயிருந்தால் அடியைச் சுற்றிலும் செதுக்கி நுழைப்பது பலருடைய வழக்கம். இது கூடாது. பட்டைக்கு அடுத்துள்ள இளமரமே ஜலத்தை மேலேற்றுவது. அதைச் செதுக்கிவிட்டால் மிஞ்சுவது ஜலமேற்றாத நடுமரமே. பெரிய வாயுள்ள பாத்திரத்தைத் தேடுவதே வழி.

ஜலமட்டம் ஒருபோதும் வெட்டுவாய்க்குக் கீழே இறங்கலாகாது. ஒரு முறை இறங்கினால் மறுபடி காற்றுப் புகும். மறுபடியும் அறுக்க நேரிடும். முதல் நாளில் நுனி மிகுதியாய்க் குடிக்குமாகையால், அன்று காலையும் மாலையும் இரவும் பார்த்து ஊற்ற வேண்டும். இரண்டு நாளைக்கு ஒரு முறை ஜலத்தை முழுவதும் மாற்றுதல் நலம்.

கரையோரத்துக் கிணறுகள் பலவற்றில் உப்பு ஏறியுள்ளது. உப்பு ஜலம் நுனியை வாட்டுமேயன்றிக் காக்காது. மார்கழியில் குளங்களில் மழைஜலம் நிறைந்திருக்கும். தெளிந்த குளத்து ஜலமோ குழாய் ஜலமோ போதுமானது. சர்க்கரை, மாத்திரை முதலியவற்றைக் கரைப்பதால் அனுகூலமில்லை. சர்க்கரை கிருமிகளைப் பெருக்கவும் கூடும். சுத்தமான ஜலமே போதும்.

மாலையில் வெயில் தாழ்ந்தபின் பசும்பாகத்தின்மேல் மெல்லிய தூறலாய்த் தெளிக்கலாம். அது ஆவி போவதைக் குறைக்கும். ஆனால் தெளிப்பது, அடிக்கு ஊற்றும் ஜலத்திற்கு ஈடாகாது.

பசுமையைச் சோதித்தல்

கண்ணை நம்பாமல் கையை நம்ப வேண்டும். ஒரு நூலை எடுத்து விரலில் வளைத்தால், ஈரமுள்ளது வளைந்து கொடுக்கும்; உலர்ந்தது கணுவில் ஒடியும். நுனியைத் தூக்கி அடியைத் தரையில் இரு முறை தட்டினால், பச்சை நூல்கள் பொலபொலவென்று உதிருமாயின் அது விற்பனைக்கு உரியதன்று. அத்தகைய சரக்கை விலை தணித்தும் விற்காமல் மிலாறுக் கட்டில் சேர்த்துவிடுவதே மறுவருஷத்து வியாபாரத்திற்கு நல்லது.

இம்முறைகளின் பயனைத் தாமே அறிய விரும்புவோர், ஒரே மரவரிசையில், ஒரே அளவுள்ள மூன்று நுனிகளை ஒரே காலையில் வெட்டிச் சோதிக்கலாம். ஒன்றை ஜலமின்றி நிழலில் வைக்கவும். ஒன்றை ஒரு பகல் கழித்து, அடியைப் புதிதாய் அறுக்காமல் ஜலத்தில் வைக்கவும். மற்றொன்றை உடனே புதிதாய் அறுத்து ஜலத்தில் வைக்கவும். தினமும் காலையில் அடியைத் துடைத்துத் தராசில் நிறுத்து எழுதி வந்தால், ஒவ்வொன்றும் இழந்த ஈரம் எவ்வளவென்று எண்களாகவே தெரியும். செலவில்லாத இந்தச் சோதனை, பல நாள் வாக்குவாதத்தைத் தீர்த்து வைக்கும்.

நெருப்புப் பயம்

சவுக்கு பச்சையிலேயே எரியும் விறகென்று பெயர் பெற்றது. உலர்ந்த சவுக்கு நுனி ஒரு தீக்குச்சிக்குப் பற்றிக்கொள்ளும். ஆகவே பசுமை காப்பது அழகிற்காக மாத்திரமன்று, வீட்டின் பத்திரத்திற்காகவும் ஆகும். விற்பனை இடம் வைக்கோற்போர், கீற்றுக்கொட்டகை, சமையல் அடுப்பு, பட்டாசுக் கடை இவற்றிற்கு அருகில் இருக்கலாகாது. கீற்றுப் பந்தலின்கீழ் விற்போர் புகைபிடிப்பதைத் தடுக்க வேண்டும். இரண்டு குடம் ஜலமும் ஒரு வாளி மணலும் எப்போதும் தயாராய் இருக்க வேண்டும். வாங்குபவர்களிடம், மரத்தில் மெழுகுவத்தி ஏற்றலாகாது, தோல் உரிந்த மின்கம்பி கட்டலாகாது, வீட்டிலும் தினந்தோறும் ஜலம் ஊற்ற வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பது விற்பவன் கடமை. இடத்திற்கு அனுமதி தரும் அதிகாரிகளும் இவற்றை நேரிற் பார்த்துத் திருப்தியடைவது நல்லது.

வரவும் மீதியும்

வியாபாரிக்கு மொத்தமாய் விற்பவர்கள், சரக்கு எந்நாள் வெட்டுவது, யார் ஏற்றுவது, வழியில் வாடினால் நஷ்டம் யாருடையது என்பவற்றை முன்னதாகவே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். உயரத்தையும் உருவத்தையும் கொண்டு இரண்டு மூன்று தரமாகப் பிரித்து விற்றால் விலை கூடும். 24-ஆம் தேதி இரவு மீந்தவை மறுநாள் முதல் மிலாறே. அவற்றைச் சாலையோரத்தில் எறிந்து கொளுத்தாமல், கட்டித் தோப்பிற்குத் திருப்பினால் விறகு விலையாவது மிஞ்சும். இந்த வியாபாரத்தில் நஷ்டத்திற்கு ஓர் எல்லை இருப்பது இதனாலேயே.

சுருக்கம்

1. வெட்டுக்கு வந்த பட்டா நிலத்துத் தோப்பிலிருந்து மாத்திரம் நுனி எடுக்கவும். கடற்கரைத் தடுப்பு வரிசைகளைத் தொடவேண்டாம்.

2. பண்டிகைக்கு முந்திய ஒரு வாரத்திற்குள், மூன்று தவணையாக, பனி நீங்கும் முன் வெட்டவும்.

3. வெட்டிய அரைமணிக்குள் அடியை ஜலத்தில் வைக்கவும்.

4. தார்ப்பாயால் மூடி இரவில் ஏற்றவும். இறக்கியபின் குவித்து வைக்கவேண்டாம்.

5. சந்தையில் இரண்டு மூன்று அங்குலம் புதிதாய் அறுத்து, சுத்தமான பாத்திரத்தில் உப்பில்லாத ஜலத்தில் நிறுத்தவும், அடியைச் செதுக்கவேண்டாம்.

6. ஜலமட்டம் வெட்டுவாய்க்குக் கீழே இறங்காமல் காக்கவும்.

7. கையால் வளைத்துச் சோதித்து, உதிர்வதை விலக்கவும்.

8. நெருப்பை அணுகவிடாமல், ஜலமும் மணலும் அருகில் வைத்துக்கொள்ளவும்.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவில்லை. வேண்டியது காலந்தவறாத கவனமே. அக்கவனம் உள்ள குடியானவனுடைய சவுக்கு, அடுப்பிற்குப் போகுமுன் ஒரு வீட்டின் பண்டிகையில் பசுமையாய் நின்றுவிட்டுப் போகும். வாங்கியவரும் மறு மார்கழியில் அவனையே தேடி வருவார்.